கோதண்டத்தின் புரோநோட்டு

கோதண்டத்துக்கு நான் நாலாயிரத்து இருநூறு ரூபாய் கடன்பட்டிருந்தேன். 1985ஆம் வருஷம். வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, சாட்சி கிடையாது. பதினாலு மாதத்தில் அடைத்து முடித்தேன். எபினேசர் அண்ணாச்சி யாருக்கும் ஒரு பைசா பாக்கி வைத்தவன் இல்லை என்று விம்கோ நகர் முதல் டோல்கேட் வரை சொல்வார்கள். அது உண்மைதான். அந்த ஒரு கடன் இல்லாவிட்டால் அண்ணாச்சியே இல்லை என்பதுதான் பலருக்குத் தெரியாது.

வியாபாரிகள் சங்கத்து ஆண்டு இதழுக்கு என் வாழ்க்கையை எழுதித் தரச் சொன்னார்கள். என் வாழ்க்கையை எழுதினால் இதழ் கொள்ளாது, தனிப் புத்தகம் போட வேண்டும். அதனால் கோதண்டத்தைப் பற்றி எழுதுகிறேன்.

நான் படித்தது நாலாம் வகுப்பு. திசையன்விளைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பதினாறு வயதில் தண்டையார்பேட்டையில் ஒரு மளிகைக் கடைக்குப் பொட்டலம் மடிக்க வந்தேன். பன்னிரண்டு வருஷம் சாக்கு மேல் படுத்தேன். இன்றைக்கு மூன்று கடை, ஒரு கிடங்கு, இரண்டு லோடு வண்டி. என் கடை மஞ்சள் பை இல்லாத வீடு திருவொற்றியூரில் இருந்தால் யாராவது காட்டட்டும்.

அந்த நாளில் காசிமேட்டு விசைப்படகுகள் கடலுக்குப் புறப்படும் முன் அரிசி, எண்ணெய், வெங்காயம், டீத்தூள், பீடி எல்லாம் ஏற்றிக்கொண்டு போகும். எங்கள் முதலாளி கடையிலிருந்து அந்தச் சாமானைச் சைக்கிளில் கொண்டுபோய்ப் படகில் இறக்குகிறவன் நான். ஒரு படகுக்கு டிரைவர் கோதண்டம். என் வயதுதான். கறுப்பு, குட்டை. தோள் இரண்டும் மூட்டை வைப்பதற்கென்றே செய்த மாதிரி இருக்கும். நான் எடை போட்ட அரிசியை மறு எடை போடாமல் வாங்கின ஒரே டிரைவர் அவன்தான்.

விம்கோ நகரில் ஒரு கடை வாடகைக்கு வந்தது. அட்வான்சுக்குப் பாதிப் பணம்தான் என்னிடம் இருந்தது. வெங்காய மூட்டையைப் படகில் வைத்துவிட்டு யோசனையாக நின்றேன்.

“இன்னா அண்ணாச்சி, மூஞ்சி செத்த காரப்பொடி மீனு மாதிரி கீது?” என்றான்.

சொன்னேன். அந்த வாரம் அவனுக்கு இறாலில் நல்ல பங்கு கிடைத்திருந்தது. இடுப்பிலிருந்து பணத்தை உருவி நீட்டினான். இருப்பா, புரோநோட்டு எழுதிவிடுகிறேன் என்றேன். எங்கள் ஊரில் அப்பனுக்கு மகன் கடன் கொடுத்தாலும் ரெவின்யூ ஸ்டாம்பு ஒட்டி, அதன் மேல் கையெழுத்து வாங்கித்தான் கொடுப்பான்.

“பேப்பரா? தண்ணில பூறவன்கிட்ட பேப்பர் குட்த்தா நனஞ்சி பூடும். வாய்ல சொல்லு, போதும்.”

அவன் அப்படிப்பட்டவன். வாயால் சொன்னால் போதும் என்று நினைக்கிறவன்.

நாற்பது வருஷம் கடலுக்குப் போனான். அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள் எந்த இடத்தில் ஒன்றுக்குப் பின்னால் ஒன்று மறைகிறதோ அதை வைத்தே வலை போடும் இடத்தைச் சொல்லுவான். திசை காட்டுகிற பெட்டி படகுக்கு வந்த பிறகு அதன் மேல் லுங்கியைக் காயப் போட்டான். புயலில் தவறி விழுந்த ஒரு பையனைத் தேடி, டீசல் தீரும் மட்டும் சுற்றிச் சுற்றி வந்து தூக்கியவன். அதை அவன் சொல்லி நான் கேட்டதில்லை. நானாக இருந்தால் போஸ்டர் அடித்திருப்பேன்.

அவன் பெண்சாதி அங்கம்மா கூடையில் மீன் விற்றவள். 2012இல் அவளுக்கு நுரையீரலில் சீழ் கட்டி இருபத்து மூன்று நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். வாயில் குழாய், மூக்கில் குழாய். பிடுங்கிவிடுவாள் என்று இரண்டு கையையும் கட்டிலில் துணியால் கட்டியிருந்தார்கள். பார்க்கப் போன என்னை வராந்தாவில் நிறுத்திச் சொன்னான்:

“மீனகூட வலைலேந்து எடுத்துட்டுத்தான் பொட்டில போடுவோம் அண்ணாச்சி. இவள வலையோட போட்டுக்கிறாங்கோ.”

அவள் அப்படியேதான் போனாள். அதற்குப் பிறகு அவன் அந்த ஆஸ்பத்திரி இருக்கிற தெரு வழியாகவே போகமாட்டான். டோல்கேட்டுக்கு வர வேண்டுமென்றால் சுற்றிக்கொண்டு வருவான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் என் கடையில் உட்கார்ந்து டீ குடிக்கும்போது அவன் கையிலிருந்து கிளாஸ் விழுந்தது. சிரித்தோம். அடுத்த வாரமும் விழுந்தது. பிறகு செருப்பு காலில் நிற்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசியும் மின்சாரமும் வைத்துப் பார்த்து, நரம்பு வியாதி, மருந்து இல்லை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். சீட்டு இங்கிலீஷில் இருந்தது. அதைத் தமிழில் சொன்னவர் டாக்டர் ஜஸீமா.

டாக்டர் ஜஸீமா டோல்கேட்டில் கிளினிக் வைத்திருக்கிறார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கிளினிக் திறப்புக்கு நான் கொடுத்த சுவர்க்கடிகாரம் இன்றும் ஒரு நிமிஷம் பிசகாமல் ஓடுகிறது. கோதண்டத்தையும் அவன் மகள் மலரையும் நான்தான் அழைத்துப் போனேன். மலர் மணலியில் துணிக் கம்பெனியில் தைக்கிறவள். கல்யாணம் ஆகி, புருஷன் விட்டுப் போய், அப்பனோடு இருக்கிறாள்.

“முதல்ல கை, காலு. அப்புறம் பேச்சு, முழுங்கறது. கடைசில மூச்சு,” என்றார் டாக்டர். “புத்திக்கு ஒண்ணும் ஆகாது. கடைசிவரைக்கும் எல்லாம் தெரியும்.”

“அத்தாம்மா பேஜாரு,” என்றான் கோதண்டம். “அது மொதல்ல பூட்டா நிம்மதி.” கொஞ்ச நேரம் கடிகாரத்தைப் பார்த்தான். “ஒரு ஊசி போடேன்.”

“எதுக்கு?”

“தெரியாத மாதிரி கேக்காத. தெருநாயி லாரில அடிபட்டா ஊசி போட்டு அனுப்பறாங்கோ. நான் நாயவிடக் கேவலமா?”

மலர் அப்பன் வாயைப் பொத்தப் போனாள். டாக்டர் அவளைத் தடுத்தார்.

“பேசட்டும். கேக்கறதுக்கு உரிமை இருக்கு. ஆனா நான் போட மாட்டேன். சட்டம் விடாது. விட்டாலும் என் கை செய்யாது.”

“சரி, நீ போடாத. மாத்திரைய எழுதிக் குடு. நானே முயுங்கிக்கறேன். உன் கைல ஒட்டாது.”

“எழுதறதும் இதே கைதான்.”

“வெளிநாட்ல குடுக்கறாங்களாமே? போன்ல பாத்தேன்.”

“சில ஊர்ல சட்டம் இருக்கு. அங்கயும் டாக்டருங்களுக்குள்ள சண்டை ஓயல. இரக்கம்னு ஒரு கூட்டம் சொல்லுது. இந்தக் கதவத் தொறந்தா வீட்டுக்குப் பாரமா இருக்கற கெழவன் கெழவியெல்லாம் அது வழியாத் தள்ளிடுவாங்கன்னு இன்னொரு கூட்டம் பயப்படுது.”

“நீ எந்தக் கூட்டம்?”

டாக்டர் பேனாவை மூடினார். “பயப்படற கூட்டம். இதே நாற்காலில உக்காந்து ‘எங்கப்பா எப்ப முடியும், லீவு போடணும்’னு கேட்ட புள்ளைங்கள பாத்திருக்கேன்.”

“என் பொண்ணு அப்பிடி இல்ல.”

“தெரியும். சட்டத்த உங்க பொண்ணுக்கு மட்டும் எழுத முடியாதே.”

“அப்போ அந்தக் கயிசடைங்கோ செய்ற தப்புக்கு நான் மூச்சு முட்டிச் சாவணும். அத்தானே?”

நான் சும்மா இருக்கக்கூடாதென்று நடுவில் நுழைந்தேன். “உயிரு கர்த்தர் தந்தது, கோதண்டம். எடுக்க நமக்கு ஏதுடே உரிமை?”

“உங்க கர்த்தர்கிட்ட நான் நேராப் பேசிக்கறேன் அண்ணாச்சி. நீ நடுவுல பூந்து கமிஷன் அடிக்காத.”

டாக்டருக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அவர் ஒரு விஷயம் சொன்னார். கொல்லச் சொல்லிக் கேட்க முடியாது. ஆனால் மூச்சு நிற்கும் காலத்தில் தொண்டையில் குழாய் வேண்டாம், மெஷின் வேண்டாம் என்று சொல்ல முடியும். அதை இப்போதே எழுதி வைக்கலாம். சட்டம் ஒத்துக்கொள்ளும். மூச்சுத் திணறல் தெரியாமல் இருக்க மருந்து கொடுக்கலாம், வீட்டிலேயே கிடக்கலாம்.

“ரெண்டு சாட்சி வேணும். நோட்டரி முன்னாடியோ கெஜட்டட் ஆபீசர் முன்னாடியோ கையெழுத்துப் போடணும்,” என்றார். “அண்ணாச்சி, நீங்க பாத்துக்குவீங்களா?”

“பத்திரம் எழுதறது எனக்குப் புதுசா டாக்டரம்மா? அதை எங்கிட்ட விடுங்க,” என்றேன்.

ஆனால் அவன் கேட்டது ஊசி. கோதண்டம் கேட்டு எபினேசர் வாங்கித் தரவில்லை என்று இருக்கக்கூடாது. மறுநாள் நான் தனியாகக் கிளினிக்குக்குப் போனேன். ஒரு லட்சத்தை மஞ்சள் பையில் வைத்து மேசைமேல் வைத்தேன். என் அனுபவத்தில் முடியாது என்று சொன்ன லாரிக்காரன், ரேஷன் ஆபீசர், வார்டு மெம்பர் எல்லோருக்கும் ஒரு விலை இருந்தது.

டாக்டர் பையைத் திறந்து பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன்.

“அண்ணாச்சி, இதுவரைக்கும் நாலு பேர் எங்கிட்ட இதக் கேட்டிருக்காங்க. ஒருத்தருக்கும் போடல. நாலு பேர் முகமும் தெனம் வருது. இவரு அஞ்சாவது.” பையை என் பக்கம் தள்ளினார். “போட்டிருந்தா வராதுன்னு நீங்க நினைக்கறீங்க. எனக்கு அப்படித் தெரியல. எடுத்துட்டுப் போங்க.”

அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தபோது எனக்கு இருந்த வெட்கம், சாக்கு மேல் படுத்த காலத்தில்கூட இருந்ததில்லை.

மூன்று மாதம் கழித்துத்தான் பத்திரத்தை எழுதினேன். கோதண்டம் வீடு எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் மூன்றாவது மாடி. அதற்குள் அவனால் மாடி இறங்க முடியாமல் ஆகிவிட்டது. நோட்டரியை மேலே கூட்டி வரலாம். நூறு தரம் கூட்டி வரலாம், என்னிடம் பணமில்லையா? ஆனால் எனக்கு அது தேவையாகப் படவில்லை. நான் எழுதிய புரோநோட்டுகளில் ஒன்றைக்கூட எந்தக் கோர்ட்டும் தள்ளியதில்லை. நாற்பது வருஷத்தில் ஒன்பது கேஸ், ஒன்பதும் ஜெயம். வக்கீல்களே என் நோட்டைப் பார்த்து, அண்ணாச்சி நீங்கள் படித்திருந்தால் எங்கள் பிழைப்பு போயிருக்கும் என்பார்கள். ரெவின்யூ ஸ்டாம்பை மிஞ்சின முத்திரை உலகத்தில் உண்டா?

முத்து முத்தாக எழுதினேன். எர்ணாவூர் சுனாமி குடியிருப்பில் இருக்கும் கோதண்டம் ஆகிய நான் சுயபுத்தியுடன் எழுதிக்கொடுத்த பிராமிசரி நோட்டு என்னவென்றால், எனக்கு மூச்சு நிற்கும் தருவாயில் தொண்டையில் குழாய் போடக்கூடாது, மெஷின் வைக்கக்கூடாது, கையைக் கட்டக்கூடாது. என் வாரிசுகள் ஆட்சேபித்தால் அந்த ஆட்சேபணை செல்லாது. கடைசி வரியை அவன்தான் போடச் சொன்னான். ஒரு ரூபாய் ஸ்டாம்பை ஒட்டி, அவனுடைய இடது கைப் பெருவிரலை நானே பிடித்து அதன் மேல் உருட்டினேன். சாட்சி நான் ஒன்று, ஐஸ் கம்பெனி ரஹீம் ஒன்று. ரஹீம் பாய் அவனோடு முப்பது வருஷம் பழகியவர். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“இப்போ சந்தோசமா அண்ணாச்சி? கடசீல எங்கிட்டயே பேப்பர் வாங்கிட்ட,” என்றான் கோதண்டம். அப்போது அவன் பேச்சு குழறத் தொடங்கியிருந்தது. “பேப்பரு கெடக்கட்டும். நீ வாய்ல சொல்லு. கொயாயி போடவுட மாட்டேன்னு.”

“விட மாட்டேன்.”

“என் தலைல கை வெச்சிச் சொல்லு.”

வைத்துச் சொன்னேன்.

ஒன்பது மாதம் போனது. அவன் தோள் இரண்டும் உருகிச் சட்டைக்குள் ஒன்றுமில்லாமல் ஆனது. பேச்சு நின்றது. கூழைக் கரண்டியில் ஊற்றினால் பாதி வெளியே வரும். டாக்டர் ஜஸீமா வாரம் ஒருமுறை மூன்று மாடி ஏறி வந்தார். ஒரு தடவைகூடப் பீஸ் வாங்கவில்லை. திணறல் வந்தால் கொடுக்க மார்பின் மருந்து எழுதி, ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கித் தந்தார். மலருக்குப் பாடம் மாதிரி சொல்லிக் கொடுத்தார்: மூச்சு வாங்கினால் இந்த மருந்து, இத்தனை மில்லி. எனக்குப் போன் பண்ணு. ஆம்புலன்சுக்குப் பண்ணாதே. மலர் ஒவ்வொரு தடவையும் தலையாட்டினாள்.

ஆகஸ்ட் மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, பகல் பதினொன்றரை மணி. சர்க்கரை லோடு இறங்கிக்கொண்டிருந்தது. ரஹீம் பாய் போன் பண்ணினார். கோதண்டத்தை ஆம்புலன்சில் ஏற்றிவிட்டார்கள் என்றார்.

பத்திரத்தை இரும்புப் பெட்டியிலிருந்து எடுத்துக்கொண்டு லோடு வண்டியிலேயே போனேன். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரி, பெயர் வேண்டாம். எமர்ஜென்சி வாசலில் ஒரு இளம் டாக்டர், பெயர் டென்னிஸ், கையுறை போட்டுக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னால் கோதண்டத்தின் கால் தெரிந்தது. பாதம் நீலமாக இருந்தது. மலர் சுவரோரம் நின்று, காப்பாத்துங்க சார், காப்பாத்துங்க சார் என்று கத்திக்கொண்டிருந்தாள்.

நான் பத்திரத்தை நீட்டினேன். “குழாய் போடாதீங்க. எழுதிக் கொடுத்திருக்கான்.”

டாக்டர் ஒரே மூச்சில் படித்தார். “சார், இது புரோநோட்டு.”

“ஆமா, புரோநோட்டுதான். ஸ்டாம்பு இருக்கு, ரேகை இருக்கு, சாட்சி ரெண்டு பேர்.”

“நோட்டரி அத்தாட்சி எங்க? கெஜட்டட் ஆபீசர் கையெழுத்து?”

“இதை ஹைகோர்ட்டே ஒத்துக்கிடும்.”

“கடன் கேஸ்ல ஒத்துக்கும் சார். இது உயிரு.” பையனுக்கு முப்பது வயதுகூட இருக்காது. “அவங்க பொண்ணு காப்பாத்தச் சொல்றாங்க. நீங்க சொந்தமும் கெடையாது. இத நம்பி நான் சும்மா நின்னா நாளைக்கு என்னை என்ன சொல்லுவாங்க?”

திரையை இழுத்துவிட்டார். உள்ளே ஏதோ உலோகம் உலோகத்தில் பட்டது. பிறகு மெஷின் ஊதுகிற சத்தம் கேட்டது.

நான் மலர் பக்கம் திரும்பினேன். “மருந்து எங்கடீ? டாக்டரம்மா என்ன சொன்னாங்க உனக்கு?”

“குட்த்தேன். பாதி வெளிய வந்திச்சி. நைனா மூஞ்சி நீலமாப் பூச்சி அண்ணாச்சி, கண்ணு மேல சொருகிச்சி. உன் புள்ளைக்கு அப்பிடி ஆனா, நீ மில்லி அளந்துகினு நிப்பியா? சொல்லு!”

அவளைத் திட்டினேனே தவிர, குற்றம் அவளுடையது இல்லை. முந்நூறு ரூபாய் நோட்டரி முத்திரை இருந்திருந்தால் அந்தப் பையன் திரையை இழுத்திருக்கமாட்டான். என் கையெழுத்தின் மேல் எனக்கிருந்த கர்வத்தில் ஒரு மனிதனை வலையோடு பெட்டியில் போட்டுவிட்டேன். அட்வான்ஸ் கேட்டார்கள். மலரிடம் ஏது? மூன்று லட்சம் ரொக்கமாகக் கட்டினேன். காசாளர் இரண்டு தடவை எண்ணி ரசீது கொடுத்தார்.

நாலாம் நாள் மயக்க மருந்தைக் குறைத்தார்கள். பத்து நிமிஷம் பார்க்க விட்டார்கள். வாயில் குழாய், அதைச் சுற்றிப் பிளாஸ்திரி. கையைக் கட்டவில்லை, அசையாத கையை எதற்குக் கட்ட வேண்டும்? கண் திறந்திருந்தது. என்னையே பார்த்தான். நான் எதிரிகளைப் பார்த்திருக்கிறேன், ரவுடிகளைப் பார்த்திருக்கிறேன், மாமூல் கேட்டு வந்தவனைக் கத்தியோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அந்தக் கண்ணைப் பார்க்க முடியாமல் மெஷினில் ஓடுகிற பச்சைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

டாக்டர் ஜஸீமா வந்தார். டாக்டர் டென்னிசோடு அரைமணி நேரம் பேசினார். சண்டை போடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். இருவரும் சேர்ந்து வெளியே வந்தார்கள்.

“அண்ணாச்சி, அவர் முழிச்சிருக்காரு, புரியுது. அவரையே கேக்கலாம். ஆனா முறையாக் கேக்கணும். இங்க மூணு டாக்டர் உக்காரணும். அப்புறம் வெளியிலேருந்து வேற மூணு பேர். ரெண்டு குழுவும் ஒத்துக்கணும். அவர் பொண்ணும் கையெழுத்துப் போடணும்.”

“நீங்களே எடுத்துவிட்டா என்ன?”

“நான் இங்க டாக்டர் இல்ல. அப்படியே இருந்தாலும், ஒருத்தரா முடிவு பண்ணக்கூடாதுன்னுதான் ஆறு பேர வச்சிருக்காங்க.”

மலர் ஒத்துக்கொள்ளவில்லை. “நான் கையெயுத்துப் போட மாட்டேன். அம்மா போட்டோ முன்னால நின்னு இன்னா சொல்லுவேன்? நைனாவ மெஷின்லேந்து கயட்டச் சொன்னது நான்தான்னா? குப்பமே காறித் துப்பும்.”

“அவன் இப்படிக் கிடக்கறதுக்கு மட்டும் குப்பம் மாலை போடுமா?” என்றேன்.

“நீ பேசாத அண்ணாச்சி. ஸ்டாம்பு ஒட்டனவன்தானே நீ.”

அவள் அப்பன் வாய் அவளுக்கு.

எட்டாம் நாள் முதல் குழு கேட்டது. பத்தாம் நாள் வெளிக்குழு. அன்றைக்கு மலரையும் என்னையும் கூட நிற்க விட்டார்கள். அரசாங்கம் நியமித்த ஒரு வயதான டாக்டர் கட்டில் ஓரம் உட்கார்ந்து, கண்ணை ஒரு தடவை மூடினால் ஆமாம், இரண்டு தடவை மூடினால் இல்லை என்று சொல்லிக் கொடுத்தார். கோதண்டம் ஒரு தடவை மூடினான்.

“இந்தக் குழாய எடுத்தா நீங்க இறந்துடுவீங்க. தெரியுமா?”

ஒரு தடவை.

“யாராவது இப்படிச் சொல்லச் சொன்னாங்களா?”

இரண்டு தடவை.

“குழாய் இருக்கட்டும்னு சொன்னா வச்சுக்கலாம். இருக்கட்டுமா?”

இரண்டு தடவை.

கேள்வியை மாற்றி மாற்றி மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அதே பதில். எழுதிக்கொண்டு எழுந்தார். அப்போது மலர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

“நைனா, போன் பண்ணிட்டேன்னு என்மேல கோவமா?”

இரண்டு தடவை மூடினான். மூடித் திறந்து, மறுபடியும் இரண்டு தடவை மூடினான். மலர் கையெழுத்துப் போட்டாள்.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எத்தனை தடவை மூடியிருப்பான் என்று எனக்குத் தெரியாது.

பதினோராம் நாள் காலை பத்து மணிக்கு எடுத்தார்கள். அதற்கு முன்னால் டாக்டர் டென்னிஸ் ஒரு ஊசி போட்டார். கையில் ஏற்கெனவே இருந்த குழாய் வழியாக மெதுவாக ஏற்றினார். கோதண்டத்தின் நெற்றி விரிந்தது. பிறகு பிளாஸ்திரியைப் பிரித்து, குழாயை உருவி, மெஷினை நிறுத்தினார்கள். ஊதுகிற சத்தம் நின்றது. அவனாகவே நாற்பது நிமிஷம் மூச்சு விட்டான். மலர் அவன் கையைப் பிடித்திருந்தாள். திணறவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் நேரம் கூடிக்கொண்டே போனது. அடுத்தது வரும் என்று பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை.

வெளியே வந்து டாக்டர் ஜஸீமாவைக் கேட்டேன். “அந்தப் பையன் போட்டது என்ன ஊசி?”

“மூச்சு முட்டறது தெரியாம இருக்க.”

“ஒரு வருஷம் முன்னாடி அவன் உங்ககிட்ட கேட்டதும் அதுதானே?”

“இல்ல அண்ணாச்சி. அவர் கேட்டது சாகறதுக்கு. இது சாகும்போது கஷ்டப்படாம இருக்க. எதுக்காகப் போடறோம்ங்கறதுலதான் எல்லாம் இருக்கு.” சொல்லிவிட்டுப் பையைத் தோளில் மாட்டினார். “நான் அப்படித்தான் நம்பறேன். நம்பலன்னா நாளைக்குக் கிளினிக் தொறக்க முடியாது.”

எனக்கு அந்த வித்தியாசம் அன்றைக்குத் தெரியவில்லை. எங்கள் பாஸ்டரிடம் கேட்டேன், அவர் ஒரு வசனம் சொன்னார். ரஹீம் பாயிடம் கேட்டேன், அல்லாவுக்குத் தெரியும் என்றார். என் பெண்சாதி ஜெயக்கொடி, “நீங்க நோட்டரிகிட்ட போயிருந்தா இத்தனை கேள்வி வந்திருக்காதுல்லா?” என்றாள். அவள் சொன்னதுதான் உண்மைக்குக் கிட்டத்தில் இருந்தது. ஆனால் அதுவும் முழுசு இல்லை. முதல் நாள் கிளினிக்கில் அவன் கேட்டது நியாயமா, டாக்டர் மறுத்தது நியாயமா? நாற்பது வருஷம் தராசு பிடித்த கை இது. இரண்டு தட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டேன். முள் நிற்கவில்லை.

காரியம் முடிந்த பிறகு பில் கணக்கு முடிக்க ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. இரண்டு தடவை போய்க் காத்திருந்தேன். மேனேஜர் இல்லை, கணக்கு வரவில்லை என்று அனுப்பினார்கள். மூன்றாம் தடவை மலரையும் கூட்டிப் போனேன். கண்ணாடிக்குப் பின்னால் அதே காசாளர்.

“மொத்தம் ரெண்டு லட்சத்து எண்பத்தொண்ணாயிரத்து நானூறு சார். நீங்க கட்டினது மூணு லட்சம். மீதி பதினெட்டாயிரத்து அறுநூறு.”

“மெஷினுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு?” என்று கேட்டேன்.

சொன்னார். இன்னும் ஒரு நாள் அவன் கிடந்திருந்தால் இந்தப் பணம் மிஞ்சியிருக்காது. வியாபாரி புத்தி, கணக்கு தானாகவே ஓடிவிட்டது.

“நீயே வாங்கிக்கடீ,” என்றேன் மலரிடம்.

“என் துட்டு இல்ல அது. நீ கட்டனது.” அவள் கையைக் கட்டிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

“சார், கைய நீட்டுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க,” என்றார் காசாளர்.

நீட்டினேன். கண்ணாடி இடுக்கு வழியாக அவர் ஒவ்வொன்றாக எண்ணி என் உள்ளங்கையில் வைத்தார். முப்பத்தேழு ஐந்நூறு ரூபாய்த் தாள். கடைசியில் ஒரு நூறு.